வாத்து நடந்த ஒரு நிமிடம் நாற்பது விநாடி

வெள்ளூரணியில் காலை ஆறு பத்துக்கு ஒரு நிமிடம் நாற்பது விநாடி நேரம் மட்டும் உலகம் வேறு மாதிரி நடக்கத் தொடங்கிய வருஷத்தில் இசக்கியம்மாளுக்கு இருபது வயது. பைபாஸ் ஓரத்துக் கல்லூரியில் விஸ்காம் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பருவத்துக்காக மூன்று பேர் சேர்ந்து எடுத்த குழந்தைகள் படத்துக்கு அவள்தான் எடிட்டர். பெனாசிர் இயக்குநர், ஜெபஸ்டின் கேமரா. எல்லாருக்கும் முந்திப் பள்ளிக்கூடத்துக்குப் போய் மணியடித்துவிடுகிற ஒரு வாத்தைப் பற்றிய கதை. படத்துக்கு 'மணியடிச்ச வாத்து' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

கதை ஒரே நாளில் முடிவாகிவிட்டது. அந்தக் கதையை எப்படித் தொடங்குவது என்பதில்தான் கல்லூரி கேன்டீனில் மூன்று வாரம் போனது. முதல் ஷாட்டில் சூரியன் உதிக்கவேண்டும் என்றான் ஜெபஸ்டின். சூரியனைப் பார்க்கப் பிள்ளைகள் படத்துக்கு வரவேண்டியதில்லை, வாத்தின் காலிலிருந்து தொடங்கு, முகத்தைக் கடைசியில் காட்டு என்றாள் பெனாசிர். அவர்களுக்குப் பாடம் எடுத்த கனிராஜ் சார் வடையைப் பிய்த்துக்கொண்டே, "முதல் ரெண்டு நிமிஷத்துல பிள்ளை தன் பாக்கெட்டுல இருக்கிற முட்டாயை மறக்கணும். மறக்கலேன்னா அது படமில்லை" என்றார். அதற்குப் பிறகு மூவரும் படத்தின் தொடக்கத்துக்கு மட்டும் ஒரு சார்ட் தாளில் பதினோரு கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு ஷாட்டாக, வாத்து ஊருணிக் கரையிலிருந்து கிளம்பி, பூக்கடையையும் பால்காரரையும் தண்ணீர் திறக்கிறவரையும் கடந்து பள்ளிக்கூட வாசலுக்கு வந்து சேர்வதுவரை வரைந்தார்கள். கார்த்திகை மாதக் கடைசியில், அறுவடை வயலில் வாத்து மேய்க்க வந்திருந்தவர்களிடம் ஒரு வாத்தை இரவல் வாங்கி, ஒரே காலையில் கடைத்தெருவில் பதினொன்றையும், மறுநாள் பள்ளிக்கூடத்துக்குள் மிச்சப் படத்தையும் எடுத்து முடித்தார்கள். வாத்துக்காரர்கள் அந்த வாத்தோடு சேர்த்து ஆயிரம் வாத்தையும் ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் போய்விட்டார்கள்.

ஏழாவது கட்டத்தில் இருந்தவர் பூல்பாண்டி. கடைத்தெருவும் கீழத்தெருவும் சேர்கிற முக்கில், தரைக்குள் இருக்கிற வால்வை ஆள் உயர இரும்புச் சாவியால் திருகி ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற நகராட்சி ஆள் அவர். அன்றைக்கு வால்வைத் திறந்துவிட்டு, ஜெபஸ்டின் கூப்பிட்டதும் கேமராவைப் பார்த்துத் திரும்பி ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் அந்த ஷாட். எடுத்த பத்தொன்பதாம் நாள், மேலத்தெரு வால்வுப் பக்கத்தில் சாவியைப் பிடித்தபடியே நெஞ்சடைத்து விழுந்து பூல்பாண்டி இறந்துபோனார். ஊர் போய் அடக்கம் செய்துவிட்டு வந்தது. மூவரும் ஒரு மாலை வாங்கிக்கொண்டு போனார்கள்.

தை மாதம் இரண்டாவது திங்கட்கிழமை மத்தியானம், கல்லூரி எடிட்டிங் அறையில், இசக்கி தொடக்கத்தின் பதினோரு ஷாட்டையும் அடுக்கி வெட்டி ஒட்டி முடித்தாள். அதில் பூல்பாண்டி நான்கு விநாடி வந்தார். மறுநாள் காலை ஆறு பத்துக்கு வெள்ளூரணிக் கடைத்தெருவில் எல்லாம் அப்படியே நின்றது. டீக்கடையில் ஆற்றிய டீ ஒரு முழ நீளத்துக்கு அந்தரத்தில் நின்றது. சாத்தான்குளம் பஸ்ஸின் டிரைவர் கியரில் வைத்த கையோடு நின்றார். நின்ற தெருவில் தஞ்சாவூர்ப் பக்கம் போய்விட்ட அந்த வாத்து மட்டும் ஊருணிக் கரையிலிருந்து நடந்து வந்தது. அதற்குப் பிறகு பூக்காரி மட்டும் அசைந்து கொட்டாவி விட்டு ஒரு முழம் அளந்தாள், ஆறாவதாகப் பால்காரர் கோயில்பிள்ளை மட்டும் அசைந்து பால் ஊற்றினார். இப்படி ஒவ்வொருவராக, இசக்கி அடுக்கிய வரிசையில், அவள் வெட்டிய அளவுக்கு, அசைந்து நின்றார்கள். ஏழாவதாக வால்வு முக்கில் பூல்பாண்டி வந்து நான்கு விநாடி நின்று, தண்ணீர் திறந்து, திரும்பிச் சிரித்துவிட்டு, இல்லாமல் போனார். வாத்து பள்ளிக்கூட வாசலை அடைந்ததும் டீ தம்ளரில் விழுந்தது, பஸ் கிளம்பியது. பஸ்ஸில் இருந்தவர்கள் இரண்டு நிமிடம் தாமதம் என்று கண்டக்டரைச் சத்தம் போட்டார்கள்.

இரண்டாம் நாளும் அப்படியே நடந்தது. மூன்றாம் நாள் இசக்கி பூக்காரியையும் பால்காரரையும் முன்பின்னாக மாற்றிப் போட்டாள். நான்காம் நாள் காலையில் பால்காரர் முந்தி அசைந்தார், பூக்காரி பிந்தி அசைந்தாள். இது யாரால் ஆகிறது என்பது அதோடு ஊருக்குத் தெரிந்துபோயிற்று. இசக்கி அன்றைக்கே பழைய வரிசைக்குத் திருப்பிப் போட்டாள்.

ஊர் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. கடைக்காரர்கள் ஆறு எட்டுக்கே சில்லறையைக் கொடுத்து முடித்தார்கள். பஸ் நிலையத்தில் நேர அட்டவணையைத் திருத்தி எழுதினார்கள். பள்ளிவாசலிலும் மாதா கோயிலிலும் அம்மன் கோயிலிலும் அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆறு பன்னிரண்டுக்கு மேல் மணியோ மைக்கோ கேட்டால் போதும் என்று மட்டும் வைத்துக்கொண்டார்கள். கோயில்பிள்ளை மச்சினன் கல்யாணத்துக்குச் சிவகாசி போயிருந்தார். அங்கே காலைப் பந்தியில் இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தவர், ஆறு விநாடி வெள்ளூரணியில் நின்று பால் ஊற்றிவிட்டு, மறுபடி பந்திக்குப் போய், பக்கத்து இலைக்காரரிடம் சாம்பார் வாளி தாண்டிப் போய்விட்டதா என்று கேட்டார்.

கல்லூரிக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். தான் கொட்டாவி விடுவதைத் தினமும் ஊர் பார்க்கிறது, அதை எடுத்துவிடு என்று பூக்காரி கேட்டாள். இசக்கி அரை விநாடி வெட்டினாள். மறுநாள் பூக்காரி கொட்டாவி விடவில்லை, ஆனால் வராத கொட்டாவி நெஞ்சுக்குள்ளேயே கிடந்து மத்தியானம் மூன்று மணி பஸ்ஸுக்குள்தான் வெளியே வந்தது. தையல்காரர் ஒருவர் தன்னுடைய கடை போர்டையும் சேர்க்கச் சொன்னார். ஒருத்தி புதுச் சேலை கட்டி வருகிறேன், திரும்ப எடுங்கள் என்றாள். டிரிம், கட், ஃப்ரேம் என்ற சொற்கள் காய்கறிக் கடையில் புழங்கின. இதில் பெனாசிருக்கு வருத்தம்தான். "படம் எடுக்கச் சொன்னா ரேஷன் கடை நடத்த வச்சுட்டாங்கட்டி" என்றாள்.

கேட்டு வராதவள் ஒருத்தி இருந்தாள். பூல்பாண்டியின் பெண்சாதி செண்பகவடிவு. நாலாம் வகுப்புப் படிக்கிற மகள் அனுசுயாவை ஒரு கையிலும் குடத்தை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு தினமும் ஆறு பத்துக்கு முன்னால் வால்வு முக்குக்கு வந்து நின்றாள். அவர் நின்ற நான்கு விநாடியில் வால்வுக்குப் பக்கத்துக் குழாயில் முதல் குடம் தண்ணீர் வந்தது, அவர் போன பிறகும் வால்வு திறந்தபடி கிடந்து கீழத்தெருவுக்குத் தண்ணீர் போனது. அந்த முதல் குடத்தை வேறு யாரும் கேட்கவில்லை. பன்னிரண்டாம் நாள் வடிவு கல்லூரிக்கு வந்து எடிட்டிங் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.

"பிள்ள, அவுக தெனமும் என்னைப் பாக்காம வேற எங்கயோ பாத்துல்லா சிரிக்காவ. நான் எங்கன நின்னா என்னையப் பாப்பாவ?"

இசக்கி அவளோடு கடைத்தெருவுக்குப் போனாள். ஜெபஸ்டின் கேமராவை வைத்திருந்த இடத்தை, அடைத்துக் கிடந்த உரக்கடைப் படிக்கு முன்னால், சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினாள். மறுநாளிலிருந்து வடிவு அந்த வட்டத்தில் நின்றாள். பூல்பாண்டி திரும்பி அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். ஐந்து நாள் கழித்து மறுபடி வந்தாள்.

"இன்னும் செத்த நேரம் நிக்க வைக்க முடியாதா? ஒரு எட்டு, பத்து எண்ணுத நேரம்?"

"அவ்வளவுதான்க்கா எடுத்தோம்" என்றாள் இசக்கி.

அது பொய். அந்த ஷாட் முழுசாக முப்பத்தோரு விநாடி இருந்தது. சிரித்த பிறகு பூல்பாண்டி துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, சாவியைச் சாய்த்து வைத்துவிட்டு, நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து இடது தோளைத் தேய்த்துவிட்டுக்கொள்வார். ஹெட்போனில் அவர் குரல் தெளிவாக இருந்தது. "காலையில இருந்து நெஞ்சு ஒரு மாதிரியா அடைக்கி பிள்ளையளா. வீட்டுல வடிவுகிட்டச் சொல்லிராதீங்க, ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருவா." கேமராவுக்குப் பக்கத்தில் வாத்தை இடுக்கிக்கொண்டு நின்ற இசக்கியின் குரல் அதற்குப் பதில் சொல்லும். "சரிண்ணே, சொல்லல." அதோடு ஷாட் முடிந்துவிடும். அன்றைக்கு அவளுக்கு வாத்து பறந்துவிடக்கூடாதே என்பதுதான் கவலையாக இருந்தது.

அதை முழுசாகப் போடப்போகிறேன் என்று அவள் சொன்னபோது பெனாசிர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

"இது சின்னப் பிள்ளைங்க படம்டி. முப்பது விநாடி ஒரு ஆளையே காட்டுனா வாத்து எங்கன்னு பிள்ளைங்க தேடும்."

"ஒரு நாளைக்கு மட்டும்."

"அவரு சொல்லாதீங்கன்னாரு, நாம சொல்லல. இப்போ செத்தவரே வந்து பொண்டாட்டிகிட்டச் சொல்லணுமா?"

"அவரு சொல்ல மாட்டாரு. அவரு நம்மகிட்டதான் சொல்வாரு. அந்தக்கா கேக்கும்" என்றாள் இசக்கி. "அந்தக்கா நேத்து என்கிட்டக் கேட்டுட்டுப் போச்சு. நான் பொய் சொன்னேன். இனிமே அந்த வட்டத்துல நிக்கிறதைப் பாக்க என்னால முடியல."

பெனாசிர் எழுந்து நாற்காலியைப் பழையபடி திருப்பி வைத்தாள். பிறகு, "ஒரே நாள்தான்" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

மறுநாள் காலை இசக்கி கடைத்தெருவுக்குப் போய், சாக்பீஸ் வட்டத்துக்குப் பக்கத்தில் வடிவோடு நின்றாள். அனுசுயாவுக்குக் காய்ச்சல், வரவில்லை. வடிவு இசக்கியைப் பார்த்து, "நீயும் வந்தியா பிள்ள" என்றாள், அதற்குள் ஆறு பத்தாகித் தெரு நின்றது. வாத்து வந்தது, பூக்காரி வந்தாள், பால்காரர் வந்தார், ஏழாவதாகப் பூல்பாண்டி வந்து திறந்து திரும்பிச் சிரித்தார், ஆனால் போகவில்லை. துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். சாவியைச் சாய்த்தார். உட்கார்ந்தார். தெருவில் மற்ற யாரும் அசைய முடியாதபடி, வடிவும் அசைய முடியாதபடி, அவர் தோளைத் தேய்த்துக்கொண்டு, அந்த வட்டத்தைப் பார்த்து, வடிவின் கண்ணைப் பார்த்து, வடிவிடம் சொல்லிவிடாதீர்கள் என்று சொன்னார். சொல்லி முடித்ததும், இசக்கியின் வாய் அவளைக் கேட்காமல் தானாகத் திறந்தது. "சரிண்ணே, சொல்லல" என்று தன் குரல் தனக்குள்ளிருந்து, பக்கத்தில் நின்றவளின் காதுக்கு ஒரு முழ தூரத்தில் வெளியே வந்ததை இசக்கி கேட்டாள். இது இப்படித்தான் நடக்கும் என்று அவளுக்கு முந்தைய நாளே தெரியும். தெரிந்துதான் பக்கத்தில் நின்றாள்.

பஸ் கிளம்பியது. அரை நிமிடம் கூடப் போய்விட்டதால் கண்டக்டருக்கு அன்றைக்குக் கூடுதலாகத் திட்டு விழுந்தது. வடிவு குடத்தை எடுத்துக்கொள்ளவில்லை. முப்பத்தோரு விநாடி ஓடிய தண்ணீரில் குடம் நிரம்பி வழிந்து தெருவில் போய்க்கொண்டிருந்தது.

"சொல்லியிருக்கலாம்ல பிள்ள" என்றாள்.

வடிவு நடைபாதை விளிம்பில் அவர் உட்கார்ந்த இடத்தைப் பார்த்தாள். "பத்தொம்பது நாளு. ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருந்தா ஆளைத் தூக்கியாவது கொண்டு போயிருப்பேன்." பிறகு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். மத்தியானம் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று கல்லூரிக்கு வந்து, "அனுசுயாவோட அம்மா சொல்லச் சொன்னாங்க. அவரு இனிமே உக்கார வேண்டாமாம்" என்று சொல்லிவிட்டு ஓடியது. இசக்கி அதை மறுபடி நான்கு விநாடியாக்கினாள். வடிவு வட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள் என்று பூக்காரி சொன்னாள். அந்த முதல் குடம் தண்ணீர் இரண்டு வாரமாக யாரும் பிடிக்காமல் சாக்கடைக்குப் போனது.

வடிவு அந்த நாட்களில் நகராட்சி அலுவலகத்துக்கு நடந்துகொண்டிருந்தாள். வேலையில் இருக்கும்போது இறந்தவரின் குடும்பத்தில் ஒருவருக்குக் கருணை அடிப்படையில் வேலை உண்டு. மனுவும் சான்றிதழும் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஆனால் கெட்டவர் என்று சொல்ல முடியாத, சட்டம் தெரிந்த மேலதிகாரி கோப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தன்னால் கையெழுத்துப் போட முடியாது என்றார்.

"இறந்தது வாஸ்தவம்தான்மா. ஆனா ஆறு பதினொண்ணுக்குக் கடைத்தெரு வால்வு தெனமும் தொறக்குது. தொறக்கிறது யாருன்னு ஊருக்கே தெரியும். ஆளு வேலைக்கு வந்துக்கிட்டு இருக்கும்போது அதைக் காலியிடம்னு நான் எப்படி எழுதுறது?"

"நாலு விநாடி வேலைக்கு வாறவுக ஆளாய்யா?" என்று வடிவு கேட்டாள்.

"எத்தனை விநாடின்னு விதியில சொல்லலையேம்மா" என்றார் அவர்.

மாசி மாத நடுவில் ஒரு பகல் பதினோரு மணிக்கு வடிவு மறுபடி எடிட்டிங் அறைக்கு வந்தாள். இந்தத் தடவை செருப்பைக் கழற்றவில்லை. நேரே வந்து இசக்கியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அலுவலகத்தில் சொன்னதை எல்லாம் வரி விடாமல் சொன்னாள். பிறகு திரையில் நீளமாகக் கிடந்த பட்டைகளைப் பார்த்தாள்.

"இதுல அவுக எது?"

இசக்கி விரலை வைத்துக் காட்டினாள். நகத்தின் அகலத்துக்கு ஒரு நீலத் துண்டு.

"இம்புட்டுதானா?"

"ஆமாக்கா."

"எடுத்துரு."

"அக்கா, வேணும்னா அந்த ஆபீசரை நாங்க வந்து பாக்கோம். கனிராஜ் சாரையும் கூட்டிட்டு..."

"நான் ரெண்டு வாரமாப் பாத்துட்டேன். எடுத்துரு பிள்ள. அனுசுயாவுக்கு நான் சோறு போடணும். அவுகளும் இருந்தா அதைத்தான் சொல்லுவாவ." சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நாளைக்குக் காலம்பற ஒரு தடவை வந்துட்டுப் போவட்டும். பொறவு எடு. என்னமும் பட்டனை அமுக்கணும்னா நீயே அமுக்கு. நான் பக்கத்துல இருக்க மாட்டேன்."

மறுநாள் காலை அனுசுயாவைக் கூட்டிக்கொண்டு வந்து வட்டத்தில் தனக்கு முன்னால் நிறுத்திக்கொண்டாள். அப்பா திரும்பிச் சிரித்தபோது பிள்ளை சிரித்ததா, அழுததா என்று தெரியவில்லை, அது அசைய முடியாத நேரம். தெரு மறுபடி நடக்கத் தொடங்கியபோது அந்தப் பிள்ளை கையை ஆட்டிக்கொண்டிருந்தது. அங்கே அப்போது யாரும் இல்லை.

அன்று காலை வகுப்பு தொடங்குவதற்கு முன்பே இசக்கி அந்த நீலத் துண்டை எடுத்தாள். இடைவெளி மூடிக்கொண்டது. கோயில்பிள்ளையின் செம்பிலிருந்து விழுகிற பாலிலிருந்து, கீழத்தெருவில் ஓடுகிற தண்ணீருக்குள் வாத்தின் கால் விழுவது நேராக ஒட்டிக்கொண்டது. வெள்ளையாக விழுந்தது தெளிந்து ஓடுவது போல இருந்தது. கனிராஜ் சார் பின்னால் நின்று மூன்று தடவை போடச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இப்பதாம்மா சரியா விழுந்திருக்கு. முன்னாடி அந்த எடத்துல ஒரு தடங்கல் இருந்துச்சு, எனக்கு என்னன்னு சொல்லத் தெரியல" என்றார். ஜெபஸ்டின் தலையைக் குனிந்துகொண்டான். சார் சொன்னது உண்மை என்பது இசக்கிக்குக் கண்ணாலேயே தெரிந்தது. உண்மையாக இல்லாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தாள், அதையும் யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஷாட்டின் முப்பத்தோரு விநாடியையும் முழுசாக ஒரு பென்டிரைவில் ஏற்றி வடிவின் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாள். வடிவு அதை வாங்கி, என்ன என்று கேட்காமல், பீரோவில் பிள்ளையின் மார்க் ஷீட்டுகளுக்கு அடியில் வைத்தாள்.

கடைத்தெரு ஒரு நிமிடம் முப்பத்தாறு விநாடிக்குப் பழகியது. பஸ் நான்கு விநாடி முந்திக் கிளம்பியது. வால்வு திறக்கப்படாமலே கிடக்க, மூன்றாம் நாள் கீழத்தெரு ஆட்கள் காலிக் குடங்களோடு நகராட்சி வாசலில் போய் உட்கார்ந்தார்கள். வழக்கமாக ஆறு மாதம் எடுக்கிற ஆணை அந்தக் கூட்டத்தின் புண்ணியத்தில் நாற்பது நாளில் வந்தது. இரும்புச் சாவி வடிவின் உயரத்தைவிட ஒரு சாண் கூட. முதல் வாரம் உள்ளங்கை இரண்டும் கொப்பளித்தன. தண்ணீர் பிந்தி வருகிறது என்று அவள் மேல் புகார் எழுதினார்கள். அதற்கு அவள், தெரு நின்று முடிந்தால்தானே என் கை அசையும் என்று பதில் எழுதிக் கொடுத்தாள். மேலதிகாரி அந்தப் பதிலை ஏற்றுக் கோப்பில் சேர்த்தார்.

படத்தை ஒப்படைத்து, தேர்வெல்லாம் முடிந்து, ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது வாரம், வெள்ளூரணி நடுநிலைப் பள்ளியில் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டி அதில் 'மணியடிச்ச வாத்து' போட்டுக் காட்டினார்கள். ஐந்தாம் வகுப்புவரை நூற்றுப் பத்துப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பெனாசிர் லேப்டாப் பக்கத்தில் நின்றாள். ஜெபஸ்டின் ஜன்னல்களுக்குச் சாக்கு கட்டினான். இசக்கி கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரில் சாய்ந்துகொண்டு பிள்ளைகளின் பாக்கெட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாத்தின் கால் வந்ததுமே சிரிப்பு கிளம்பியது. தினமும் காலையில் பார்க்கிற வாத்துதான், ஆனால் அவ்வளவு பெரிய காலாக அதை யாரும் பார்த்ததில்லை. கோயில்பிள்ளை பால் ஊற்றியபோது பின்னாலிருந்து ஒருவன் "தாத்தா!" என்று கத்தினான். பால் விழுந்து தண்ணீராக ஓடியது, வாத்து அதற்குள் இறங்கி நடந்தது.

முன் வரிசையில் ஒரு சின்னப் பையன், ஒன்றாம் வகுப்பாக இருக்கும், இந்த வருஷம்தான் ஊருக்கு வந்தவன், திரும்பி யாரையும் பார்க்காமல் சத்தமாகக் கேட்டான்.

"தண்ணி யாரு தொறந்துவிட்டா?"

இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த அனுசுயா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "எங்கம்மா" என்றாள்.

இசக்கி சுவரிலிருந்து நிமிர்ந்தாள். பெனாசிர் இருட்டில் அவளைத் திரும்பிப் பார்த்தாள். கேட்ட பையனுக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது, அவன் வாத்து எங்கே என்று பார்க்கப் போய்விட்டான். வாத்து பள்ளிக்கூட வாசல் கம்பிக்கு அடியில் குனிந்து நுழைந்தது. தொடக்கம் முடிந்து, வேட்டியில் படத்தின் பெயர் பெரிய எழுத்தில் விழுந்தது. அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்த ஒன்றாம் வகுப்பு ம என்று தொடங்கி, ணி என்று இழுத்து, ஒவ்வொரு எழுத்தாக உரக்கப் படித்துக்கொண்டு போயிற்று.